முழுப் பணமும் கொடுத்தேன், கடன் என் வீட்டின் மேல் வந்தது

டென்வரிலிருந்து மலைப்பக்கம் விடுமுறை வீடு கட்ட நினைப்பவர்கள், அடுத்த செக்கில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நெதர்லாந்தில் (நாடு அல்ல, கொலராடோவில் 8,000 அடிக்கு மேல் இருக்கும் சிற்றூர்) நானும் தங்கை குடும்பமும் சேர்ந்து ஒரு மரவீடு கட்டினோம். காண்டிராக்டருக்குப் பேச்சில் தேன் ஒழுகும். வேலை செய்தவரோ அவர் அமர்த்திய கறுப்பினத் தச்சர், அறுபதைத் தாண்டியவர். உத்தரமும் தூணும் சேரும் இடத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். நகம் எங்கேயாவது தட்டினால் பிரித்து மறுபடி இழைப்பார்.

ஒருநாள் மதியம் லிங்கன் ஹில்ஸைப் பற்றிச் சொன்னார். வெள்ளையர் விடுதிகளில் கறுப்பினத்தவருக்கு இடம் தராத காலத்தில், 1922-இல், கில்பின் கவுண்டியில் அவர்களுக்கென்றே தொடங்கிய மலை வாசஸ்தலம் அது. மனை 50 டாலரிலிருந்து. முன்பணம் 5 டாலர், மாதத் தவணை 5 டாலர். அவருடைய பாட்டனாரும் ஒரு மனை வாங்கினாராம். பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, வீடு எழும்பவில்லை. "அந்தக் கடனைத்தான் ஊராருக்குக் கட்டிக் கொடுத்துத் தீர்க்கிறேன் போல" என்று சிரித்தார்.

கடைசித் தவணை 18,000 டாலரைக் காண்டிராக்டருக்குக் கொடுத்த மூன்றாம் வாரம் தச்சர் வாசலில் நின்றார். கையில், வங்கியிலிருந்து திரும்பி வந்த செக். அவருக்கு 11,400 டாலர் பாக்கி. காண்டிராக்டர் அவர் போனையும் எடுப்பதில்லை, என் போனையும் எடுப்பதில்லை. "லீன் பதியப்போகிறேன். தபாலில் வருமுன் நேரில் சொல்ல வந்தேன்" என்றார்.

கூலி வராத தொழிலாளி, தன் பாக்கியைத் தான் கட்டிய சொத்தின் மேலேயே கடனாகப் பதியும் உரிமைதான் லீன். கொலராடோவில் 10 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 4 மாதங்களுக்குள், துணை ஒப்பந்தக்காரரான அவர் பதியலாம். எனக்கு முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வேலை செய்தவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் காண்டிராக்டர் விழுங்கினால் அது திருட்டு என்கிறது இந்த மாநிலச் சட்டம். தச்சரும் நாங்களும் சேர்ந்தே வழக்குப் போட்டிருக்கிறோம்.

ஒவ்வொரு தவணைக்கும் முன், தச்சர், மரக்கடைக்காரர், கூரை போட்டவர் எல்லோரிடமும் "என் பணம் வந்துவிட்டது, லீன் உரிமையை விட்டுவிடுகிறேன்" என்று எழுத்தில் வாங்குங்கள். நான் ஒருமுறை கேட்டேன். "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று காண்டிராக்டர் முகம் வாடினார். நானும் குழைந்துவிட்டேன். அந்தக் குழைவின் விலை 11,400 டாலர்.

போன சனிக்கிழமை தச்சர் மறுபடி வந்தார். பின்படிக்கட்டின் கைப்பிடியில் ஒரு சிலாம்பு நீட்டிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்ததாம்.