கூகுள், அமேசான், மெட்டா: சீனியர் இன்ஜினியர் நேர்காணலில் யார் எதைப் பார்க்கிறார்கள்?

எட்டு, பத்து ஆண்டு அனுபவத்தோடு பெரிய நிறுவனமொன்றில் சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேலைக்கு முயல்பவர்களில் பலர், எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே தயாரிப்புப் போதும் என்ற எண்ணத்தில் லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் சில நூறு கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டு நேர்காணலுக்குப் போகிறார்கள். கேள்விகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் கூகுள், அமேசான், மெட்டா ஆகிய மூன்றிலும் முடிவெடுப்பவர் வேறு, அவர் முன்னால் இருக்கும் சான்றும் வேறு. திறமை இருந்தும் தவறிப்போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள் என்பதே நேர்காணல்களை நடத்தியும் பிறரைத் தயார்படுத்தியும் பழகிய நான் கண்டது. ஆகவே எந்த நிறுவனம் கடினம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, எங்கே எது எடைபோடப்படுகிறது என்று பார்க்கலாம்.

முதலில் படிநிலையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சீனியர் என்பது கூகுளில் எல்5, மெட்டாவில் இ5, அமேசானில் எல்6, அதாவது எஸ்டிஇ (சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் இன்ஜினியர்) 3. அமேசானின் எல்5 என்பது எஸ்டிஇ 2 என்பதால், எண்ணை மட்டும் பார்த்து அதைக் கூகுளின் எல்5க்கு இணையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மைக்ரோசாஃப்டில் 63, 64 ஆகிய நிலைகள் சீனியருக்கு உரியவை. அங்கே நேர்காணலின் போக்கு டீமுக்கு டீம் மாறுவதால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

முடிவு யார் கையில்?

கூகுளில் உங்களை நேரில் கண்ட யாரும் தனியாக முடிவெடுப்பதில்லை. நேர்காணல் செய்த நான்கைந்து பேரும் கேட்ட கேள்வி, நீங்கள் எழுதிய கோட், வழியில் நீங்கள் எழுப்பிய ஐயங்கள், தங்கள் பரிந்துரை ஆகியவற்றை விரிவாக எழுதித் தர, அவையெல்லாம் ஒரே கோப்பாக ஹயரிங் கமிட்டிக்குப் போகின்றன. கமிட்டியில் இருப்பவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். எழுத்தில் இருப்பதுதான் அவர்களுக்கு நீங்கள். ஒரு காலத்தில் கூகுளில் சுற்றுகளுக்குக் கணக்கே இல்லை என்ற பெயர் இருந்தது. நான்கு நேர்காணல்களிலேயே 86 சதவீத உறுதியோடு முடிவைக் கணித்துவிடலாம் என்று தங்கள் தரவிலிருந்து கண்டறிந்த பிறகே அது குறைந்தது என்று அங்கே மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் எழுதியிருக்கிறார். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற புதிர்க் கேள்விகள் முழுக்க நேர விரயம் என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னவரும் அவரே.

இதிலிருந்து விண்ணப்பதாரருக்குக் கிடைக்கும் பாடம் மிக நேரடியானது: வாய்விட்டுச் சொல்லாத எதுவும் கோப்பில் ஏறாது. இரண்டு வழிகளை மனத்துக்குள் ஒப்பிட்டு, ஒன்றைத் தள்ளிவிட்டு, மற்றொன்றை மௌனமாக எழுதத் தொடங்குபவர் சரியான விடையையே எழுதினாலும், தள்ளிய வழியும் தள்ளிய காரணமும் குறிப்பில் இடம்பெறாமல் போகும். சீனியர் நிலையில் கமிட்டி தேடுவதே அந்தக் காரணத்தைத்தான்.

அமேசானில் நிலைமை வேறு. அங்கே ஆள் தேவைப்படும் மேனேஜரே பெரும்பாலும் நேர்காணல் குழுவில் இருப்பார். அவருடைய அவசரம் தரத்தைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காக 1999இல் கொண்டுவரப்பட்டவர்தான் பார் ரெய்சர். இவர் வேறு டீமைச் சேர்ந்தவர், இதற்கென்று பயிற்சி பெற்றவர். அந்தக் காலியிடம் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் இவருக்கு லாபமோ நட்டமோ இல்லை. மேனேஜர் எவ்வளவு விரும்பினாலும் பார் ரெய்சர் மறுத்தால் ஆஃபர் கிடையாது. ஒவ்வொருவரும் தமது கருத்தை எழுதி முடித்த பிறகே மற்றவர் எழுதியதைப் படிக்கலாம் என்ற விதியும் உண்டு. பின்னர் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து விவாதித்து முடிவெடுக்கிறார்கள். பிறர் கருத்தில் இழுபடாமல் எழுத வைத்து, அதன் பிறகு வாதாட விடுவது நல்ல நடைமுறை என்பது என் உறுதியான கருத்து. சிறிய நிறுவனங்களும் காசு செலவில்லாமல் இதைப் பின்பற்றலாம்.

மெட்டாவிலும் நேர்காணல் குறிப்புகளை மூத்தவர்கள் அடங்கிய குழு ஒன்று பார்த்தே முடிவுசெய்கிறது. அந்த வகையில் அது கூகுளுக்கு நெருக்கமானது. வேறுபாடு கேள்வி கேட்கும் முறையில் இருக்கிறது.

கோடிங் சுற்று: வேகமா, ஆழமா?

மெட்டாவின் கோடிங் சுற்று 45 நிமிடம். அறிமுகத்துக்கும் இறுதியில் நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கும் போக எஞ்சுவது 35 முதல் 40 நிமிடம். அதற்குள் இரண்டு கணக்குகள். எழுதுவது கோடர்பேட் என்ற இணையக் கோட் எடிட்டரில் என்றாலும், வழக்கமான சுற்றில் ரன் செய்து பார்க்கும் வசதி இருக்காது. உள்ளீடு ஒன்றை எடுத்துக்கொண்டு வரிவரியாகக் கையால் ஓட்டிக் காட்ட வேண்டும். இருபது நிமிடத்துக்குள் ஒரு கணக்கைப் புரிந்து, வழி சொல்லி, பிழையின்றி எழுதி, சரிபார்க்கவும் வேண்டுமென்றால், அந்த வகைக் கணக்கை முன்பே பலமுறை எழுதிப் பார்த்தவருக்கே அது கைவரும். பத்தாண்டு அனுபவத்தின் மதிப்பை இந்தச் சுற்று அளப்பதாக நான் நினைக்கவில்லை. பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு இரவு பதினொரு மணிக்கு மடிக்கணினியைத் திறக்கும் ஒருவருக்கும், அண்மையில் கல்லூரி முடித்துப் பயிற்சியின் சூடு ஆறாத ஒருவருக்கும் இங்கே ஒரே கடிகாரம்தான். ஆனாலும் இதற்குத் தயாராகும் வழி ஐயத்துக்கு இடமில்லாதது என்பதை ஒரு நன்மையாகச் சொல்ல வேண்டும்: கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ரன் பட்டனைத் தொடாமல் எழுதிப் பழகினால் முன்னேற்றம் கண்கூடாகத் தெரியும்.

கூகுளில் ஒரு கணக்கே பல படிகளாக வளரும். கூட்டங்களின் தொடக்க நேரமும் முடிவு நேரமும் கொடுக்கப்பட்டால் குறைந்தது எத்தனை அறைகள் தேவை என்ற பழகிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். நேரங்களை வரிசைப்படுத்தி, முடிவு நேரங்களை ஒரு ஹீப்பில், அதாவது மிகச் சிறிய மதிப்பை உடனே எடுத்துத் தரும் டேட்டா ஸ்ட்ரக்சரில் (தரவை அடுக்கிவைக்கும் அமைப்பில்), வைத்துக்கொண்டு போனால் விடை கிடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான நேர்காணல் தொடங்குகிறது. கூட்டங்கள் முன்கூட்டியே தெரியாமல் ஒவ்வொன்றாக வந்தால்? நடுவில் ஒன்று ரத்தானால்? அறைகளின் அளவு வேறுபட்டால்? ஒவ்வொரு கேள்வியிலும் முந்தைய டேட்டா ஸ்ட்ரக்சர் எந்த இடத்தில் போதாமல் போகிறது என்று நீங்களே கண்டுசொல்ல வேண்டும். மனப்பாடம் முதல் படியோடு நின்றுவிடும் என்பதால் நிதானமாக யோசிப்பவருக்கு இது ஏற்ற களம்.

அமேசானின் கோடிங் சுற்றுகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஒன்றில் அல்காரிதம், இன்னொன்றில் பிறர் படித்து மாற்றக்கூடிய விதத்தில் கோடைத் தனித்தனிக் கூறுகளாக, அதாவது கிளாஸ்களாக, பிரித்து எழுதும் திறன் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். சீனியர் விண்ணப்பதாரர்களில் பலர் இந்த இரண்டாவதை எளிதாக எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

2025இல் ஏஐ இந்தச் சுற்றுகளை அசைத்துவிட்டது. வீடியோ அழைப்பில் இருந்துகொண்டே திரைக்குப் பின்னால் ஏஐயிடம் விடை வாங்குவோர் பெருகியதையடுத்து, குறைந்தது ஒரு சுற்றையாவது நேரில் நடத்தப்போவதாகக் கூகுளின் சுந்தர் பிச்சை அந்த ஆண்டு அறிவித்தார். மெட்டா எதிர்த்திசையில் போய், ஏஐ உதவியாளரைத் திரையிலேயே கொடுத்து நடத்தும் கோடிங் சுற்றைச் சோதிக்கத் தொடங்கியது. எந்த வடிவம் உங்களுக்கு வரும் என்பதை ரெக்ரூட்டரிடம் தயங்காமல் கேட்டுவிட வேண்டும். அது சொல்லக்கூடாத தகவல் அல்ல.

சிஸ்டம் டிசைன்: சீனியர் நிலை உறுதியாகும் இடம்

கோடிங் நன்றாக அமைந்து, பெரிய அமைப்பு ஒன்றை முழுமையாகத் திட்டமிட்டுக் காட்டும் டிசைன் சுற்று சுமாராக இருந்தால், பெரும்பாலும் வேலை கிடைத்தும் ஒரு படி கீழே கிடைக்கும். ஆகையால் அதிக நேரம் செலவிடத் தகுந்தது இதுவே. எடுத்துக்காட்டாக, நோட்டிஃபிகேஷன் அனுப்பும் அமைப்பு ஒன்றை வடிவமைக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கோடிப் பயனர்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து செய்தி என்றால் 50 கோடி. ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்குச் சராசரியாக 5,800. உச்ச நேரத்தில் ஐந்து மடங்கு என்று கொண்டால் ஏறத்தாழ 29,000. இந்தக் கணக்கை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு க்யூ (செய்திகள் காத்திருக்கும் வரிசை), சில வொர்க்கர்கள் (அவற்றை எடுத்து அனுப்பும் புரோகிராம்கள்), ஒரு டேட்டாபேஸ் என்று பெட்டிகளை வரைந்து நிறுத்திவிடுபவர் நடுநிலை இன்ஜினியர்.

சீனியர் என்பவர் கேட்காமலே அடுத்த சிக்கலுக்குள் போகிறார். தள்ளுபடி விற்பனைச் செய்தி ஒரே நேரத்தில் பத்துக் கோடிப் பேருக்குக் கிளம்பினால், அதே க்யூவில் பின்னால் நிற்கும் ஓடிபி காலாவதியான பிறகே போய்ச் சேரும். ஆகவே இரண்டும் தனித்தனி க்யூவில் போக வேண்டும் என்கிறார். எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் நிறுவனத்திடமிருந்து பதில் வராமல் டைம்-அவுட் ஆனால் செய்தி போனதா, போகவில்லையா என்பது தெரியாது. மறுபடி அனுப்பினால் ‘ரூ. 5,000 கழிக்கப்பட்டது’ என்ற செய்தி இருமுறை போய் வாடிக்கையாளர் பதறுவார் என்று சொல்லி, ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் கொடுத்து இரட்டிப்பைத் தடுக்கும் வழியையும், அந்த வழி எந்த இடத்தில் பலிக்காது என்பதையும் சேர்த்தே விளக்குகிறார்.

இதே விடையை மூன்று நிறுவனங்களும் வெவ்வேறு பக்கமாக இழுக்கும். கூகுளில் அளவு பத்து மடங்கானால் எது முதலில் உடையும் என்று கேட்பார்கள். அமேசானில் இரவு இரண்டு மணிக்கு எந்த அலாரம் அடிக்கும், அதைப் பார்த்து எழுந்தவர் முதலில் எந்த கிராஃபைத் திறப்பார் என்ற பக்கம் பேச்சுத் திரும்பும். சொந்த சர்வீஸைத் தானே ஆன்-கால் இருந்து, அதாவது எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருந்து, காக்கும் பண்பாட்டின் வெளிப்பாடு அது. மெட்டாவில் சிஸ்டம் டிசைன், ப்ராடக்ட் ஆர்க்கிடெக்சர் என்று இரு வகை உண்டு. இரண்டாவது வகையில் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகமான ஏபிஐயின் வடிவமும், போனில் படித்த செய்தி கணினியிலும் படித்ததாகக் காட்டப்படுவது எப்படி என்பது போன்ற பயனர் பக்கச் சிக்கல்களும் முக்கியமாகும். பெரும்பாலும் ஆப் பக்கம் வேலை செய்தவர்கள் அதையே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

செய்த வேலையைச் சொல்வது

கூகுளிலும் மெட்டாவிலும் இதற்கென்று ஒரு சுற்று ஒதுக்கப்படுகிறது. அமேசானிலோ ஏறக்குறைய எல்லாச் சுற்றிலும் பாதி நேரம் இதற்கே போகும். 2021 முதல் 16 ஆக இருக்கும் லீடர்ஷிப் பிரின்சிபிள்களை (நிறுவனத்தின் வழிகாட்டும் கொள்கைகளை) ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொண்டு வருவார்கள். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற ஒழுங்கில் பதில் சொல்ல வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். தடுமாறுவது அதற்கு அடுத்த கட்டத்தில்.

‘எங்கள் டீம் பழைய மோனோலித்தை மைக்ரோசர்வீஸ்களாகப் பிரித்தது’ என்று, அதாவது ஒரே பெரிய மென்பொருளைச் சிறு சிறு சர்வீஸ்களாகப் பிரித்ததாக, ஒருவர் தொடங்கினால், பிரிக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் யார், எதிர்த்தவர் யார், அவருடைய வாதத்தில் இருந்த நியாயம் என்ன, பிரிப்பதற்கு முன்னும் பின்னும் டிப்ளாய்மென்ட்டுக்கு (புதிய கோடைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர) எவ்வளவு நேரமானது, நீங்கள் அந்த டீமில் இல்லாதிருந்தால் எது நடந்திருக்காது என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். சபையில் தன்னைப் பற்றிப் பேசுவது தற்பெருமை என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம்மவர்களுக்கு இங்கே நா எழுவதில்லை. உண்மையில் முடிவெடுத்தவர் அவராகவே இருந்தாலும், டீமின் பெயரைச் சொல்லிப் பின்னால் நின்றுகொள்கிறார். அடக்கம் நல்ல பண்புதான். ஆனால் எதிரே இருப்பவர் எடைபோட வேண்டியது உங்களை மட்டுமே என்பதால், உங்கள் பங்கை உள்ளபடி சொல்வது அவருக்கு நீங்கள் செய்யும் உதவி. எட்டு, பத்துச் சம்பவங்களை எண்களோடு எழுதி வைத்து, நண்பர் ஒருவரைக் குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகினால் போதும்.

மூன்றில் சீனியர் ஒருவரை நியாயமாக அளப்பது அமேசானின் இந்த முறைதான் என்பது என் முடிவு. கதை கட்டுபவர் தப்பிவிடுவார் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஐந்தாறு துணைக் கேள்விகளுக்குப் பிறகும் விவரம் குலையாமல் பொய் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

ஆஃபர் வரை உள்ள தூரம்

அமேசானில் பெரும்பாலும் குறிப்பிட்ட டீமுக்கே நேர்காணல் நடப்பதால் மேனேஜர் யாரென்பது முன்பே தெரிந்துவிடும். முடிவை ஐந்து வேலை நாளுக்குள் சொல்வதாகவும் அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. கூகுளில் தேறிய பிறகும், உங்களை ஏற்கும் டீமைத் தேடும் டீம் மேட்ச் என்ற கட்டம் இருக்கிறது. அது வாரக்கணக்கில் இழுக்கலாம். டீம் அமையாவிட்டால் தேறியதற்குப் பயனில்லாமலும் போகலாம். மெட்டாவின் இன்ஜினியர் வேலைகளில் பெரும்பகுதி மென்லோ பார்க், சியாட்டில், நியூயார்க், லண்டன் போன்ற இடங்களில் இருப்பதால், சென்னையிலிருந்து முயல்பவர் விசாவையும் கணக்கில் கொள்ள வேண்டும். அமேசானுக்குச் சென்னையிலேயே பெரிய அலுவலகம் இருக்கிறது. கூகுளுக்கு பெங்களூரும் ஹைதராபாத்தும்.

சம்பளத்தை ஒப்பிடும்போது அதன் பகுதியாகத் தரப்படும் நிறுவனப் பங்குகள் கைக்கு வரும் முறையைப் பாருங்கள். அமேசானில் நான்காண்டுப் பங்குகள் 5, 15, 40, 40 சதவீதமாகப் பிரிந்து, முதல் இரண்டு ஆண்டுகளின் குறைவை, வேலையில் சேர்வதற்காகத் தரும் சைன்-ஆன் போனஸ் ஈடுகட்டும். மெட்டாவில் காலாண்டுதோறும் சமமாக வரும். ஆண்டு மொத்தம் ஒன்றாகத் தெரிந்தாலும் இரண்டாண்டில் விலக நேர்ந்தால் கணக்கு மாறிவிடும்.

மூன்றுக்கும் ஒரே பருவத்தில் முயல்பவர், மெதுவாக நகரும் கூகுளை முதலில் தொடங்கி, மெட்டாவை அடுத்து வைத்து, விரைவாக முடிவு சொல்லும் அமேசானைக் கடைசியில் வைத்தால், ஆஃபர்கள் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வந்து சேர வாய்ப்புண்டு. இந்திய நிறுவனங்களில் பரவலாக இருக்கும் 90 நாள் நோட்டீஸ் பீரியடை முதல் அழைப்பிலேயே ரெக்ரூட்டரிடம் சொல்லிவிட வேண்டும். கமிட்டியில் தேறியாயிற்று என்ற தொலைபேசிச் செய்தியை நம்பி ராஜினாமா எழுதாமல், டீம், படிநிலை, சம்பளம் மூன்றும் எழுத்தில் உள்ள ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகே அதை எழுத வேண்டும்.