பாக்லிடாக்செல்: பழைய வகையா, நானோ வகையா?

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் பாக்லிடாக்செல் மருந்து தண்ணீரில் கரையாது. அதனால் பழைய வகையில், ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்திருப்பார்கள். வம்பே அங்கேதான்: அந்தக் கரைப்பான் ஒவ்வாமையைக் கிளப்பும். முன்னதாகவே ஸ்டீராய்டு, அலர்ஜி மருந்து, அப்புறம் வழக்கமாக 3 மணி நேர டிரிப்.

நானோ வகையில் அந்தக் கரைப்பானே கிடையாது. ரத்தத்தில் இருக்கும் அல்புமின் புரதத்தோடு பிணைத்து, சுமார் 130 நானோமீட்டர் துகள்களாக்கிவிடுகிறார்கள். கரைத்த பாட்டிலைப் பார்த்தால் பால்போல் வெளுத்திருக்கும். 30 நிமிடத்தில் ஏறிவிடும். பரவிய மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் 2005இல் அனுமதி கிடைத்தது.

சரி, குறையே இல்லையா? 3 வாரத்துக்கு ஒருமுறை தரும் முறையில் டோஸ் கூடுதல். நரம்பு பாதித்துக் கை கால் மரத்துப்போவதும் நானோ வகையில்தான் அதிகம். முடி இரண்டிலும் கொட்டும். ஒவ்வாமைதான் பயம் என்றால் நானோ பக்கம் சாய்வேன். நரம்புத் தொல்லை ஏற்கெனவே இருப்பவர் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.