கணக்கு முடிக்கும் நாளில் காணாமல் போகும் ஈட்டிய விடுப்பு

ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர் வழியாக வேலை பார்த்து, 2024ஆம் ஆண்டு விலகினேன். செட்டில்மென்ட்டில் ஈட்டிய விடுப்புக்கான (ஈ.எல். — வேலை செய்த நாட்களுக்கு ஏற்பச் சேரும் சம்பள விடுப்பு) பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. அங்கே இன்னும் வேலை செய்பவர்களும், அதே ஒப்பந்தக்காரரிடம் சேரப் போகிறவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

"கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஈ.எல். கிடையாது" என்று மனிதவள அலுவலர் முகத்துக்கு நேரே சொன்னார். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்தப்பட்டவரும் தொழிலாளரே. ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் மறு ஆண்டில் சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்றது அதன் 79ஆம் பிரிவு. அதாவது 300 நாள் உழைத்தவருக்கு 15 நாள். வேலையை விட்டு விலகுபவருக்கும் எடுக்காத விடுப்புக்குரிய ஊதியத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தாக வேண்டும்.

இதைச் சொன்ன பிறகுதான் விடுப்புப் பதிவேட்டை வெளியே எடுத்தார்கள். ஆண்டு முழுவதற்குமான பதிவுகள் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியவைபோல் இருந்தன. கையொப்பக் கட்டங்கள் மட்டும் எனக்காகக் காலியாக விடப்பட்டிருந்தன. பொங்கலுக்கு ஊருக்குப் போன நாட்களோடு பண்டிகை விடுமுறைகளையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து ஈட்டிய விடுப்பில் கழித்திருந்தார்கள். விடுப்பின் இடையிலோ முன்பின்னோ வரும் விடுமுறை நாட்களை விடுப்பாகக் கணக்கிடக் கூடாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொன்னது.

மிச்சமிருந்த விடுப்பு நாட்கள் "லேப்ஸ்" (காலாவதி) ஆகிவிட்டனவாம். எடுக்காத விடுப்பில் 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம்; கேட்டும் மறுக்கப்பட்ட விடுப்புக்கு அந்த வரம்பும் இல்லை. ஆனால் எங்கள் சூப்பர்வைசர் ஒருபோதும் எழுத்தில் மறுத்ததில்லை. "லைன் நிக்கும்பா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று வாய்மொழியாகத்தான் திருப்பி அனுப்புவார். விடுப்பு விண்ணப்பப் படிவம் என்ற ஒன்றையே யாருக்கும் கொடுத்ததில்லை. மறுப்புக்குச் சான்று இல்லாமல் செய்துவிட்டு, கேட்கவே இல்லை என்று வாதிடுவதற்கான ஏற்பாடு இது என்றே கருதுகிறேன்.

ஆகவே குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே எழுத்தில் விண்ணப்பித்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு 240 நாளை 180 ஆகக் குறைத்திருப்பதால், இனி பழைய கணக்கைக் காட்டி யாரேனும் மறுத்தால் ஏற்காதீர்கள். நிரப்பாத பதிவேட்டிலும், "அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளிலும் கையொப்பமிட வேண்டாம். நான் இடவில்லை, அதனால் கடைசி மாதச் சம்பளத்தையும் நிறுத்தி வைத்தார்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுத்த பிறகே அது வங்கிக்கு வந்தது. விடுப்புப் பணம் இன்னும் வரவில்லை.