க்யூஜிஐஎஸ்-ல் கண்மாய் அளந்த ஆறு வருடம்

சிவகங்கைப் பக்கம் கண்மாய்களின் எல்லையை வரைந்து பரப்பு கணக்கிடும் வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன். மென்பொருள் க்யூஜிஐஎஸ், வரைபடத்தில் இடங்களை வரைந்து அளக்க உதவுவது. இலவசம், என் பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் முதல் ஒன்றரை வருடம் நான் எழுதிக் கொடுத்த பரப்பளவு அத்தனையும் தப்பு.

அது தெரிய வந்தது ஒரே ஒரு கண்மாயால். வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அதன் பரப்பு 41.2 ஹெக்டேர். செயற்கைக்கோள் படத்தை விரித்து, நீர் நிற்கும் எல்லையைச் சுற்றி வரைந்தேன். எனக்கும் 41.2 வந்தது. ஆக்கிரமிப்பு இல்லை என்று குறித்துவிட்டு அடுத்த கண்மாய்க்குப் போய்விட்டேன். ஊர்ப் பெரியவர்களோ, "கிழக்கால பூரா வயலாயிருச்சு தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பல மாதம் கழித்து அதே எல்லையை மெஷர் கருவியால் சுற்றிப் பார்த்தபோது 39.7 என்று காட்டியது. வித்தியாசம் 1.5 ஹெக்டேர், அதாவது சுமார் 3.7 ஏக்கர். பெரியவர்கள் சொன்ன வயல் அங்கேதான் இருந்தது. என் கணக்கு அதை மூடி மறைத்திருந்தது.

நடந்தது இதுதான். காலி ப்ராஜெக்டில் முதலில் செயற்கைக்கோள் படத்தை ஏற்றினால், ப்ராஜெக்டே ஈபிஎஸ்ஜி 3857-க்கு, அதாவது வெப் மெர்கேட்டர் என்ற வீழலுக்கு (உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை) மாறிவிடும். அதன்மேல் வரைந்த எல்லை அடுக்கை, அதாவது லேயரையும், நான் அதிலேயே வைத்திருந்தேன். நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அந்த வீழல் நிலத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பெரிதாக்கும். கன்னியாகுமரியில் பரப்பு இரண்டரை சதவீதம் கூடும், சிவகங்கையில் மூன்றரைக்கு மேல், சென்னையில் ஆறு. ஸ்ரீநகர் போனால் நாற்பத்தைந்தையும் தாண்டும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இழுபடுவதால் கண்மாயின் வடிவம் கெடாது. அதனால்தான் கண்ணுக்குப் படவே இல்லை.

அட்டவணையில் கணக்குப் போடும் ஃபீல்டு கால்குலேட்டரில் நான் போட்டது ஏரியா($ஜியோமெட்ரி). அது லேயர் இருக்கும் தளத்தை அப்படியே தட்டையாக அளக்கும். வெறும் $ஏரியா போட்டிருந்தால், ப்ராஜெக்டில் எலிப்சாய்டு (பூமியின் லேசாகத் தட்டையான உருண்டை வடிவம்) அமைத்திருக்கும்வரை, பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கும். மெஷர் கருவியும் எலிப்சாய்டல் என்று வைத்தால் அப்படித்தான். லேயர் 4326-ல், அதாவது வெறும் அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில், இருக்கும்போது தட்டையாக அளந்தால் 0.00003 போல ஏதோ வரும், அது சதுர டிகிரி. அதைப் பார்த்ததுமே தப்பு என்று தெரிந்துவிடும் என்பதால் எனக்கு அதில் பயமில்லை. நம்பும்படி வருகிற தப்பான எண்தான் ஆபத்து.

இப்போது எல்லா லேயரையும் யுடிஎம் 44 வடக்கில் (ஈபிஎஸ்ஜி 32644) எக்ஸ்போர்ட் செய்துகொள்கிறேன். யுடிஎம் என்பது பூமியை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை. எக்ஸ்போர்ட் செய்யாமல் செட் சிஆர்எஸ் மட்டும் கொடுத்தால் வீழலின் பெயர்ப்பலகைதான் மாறும், புள்ளிகளின் இட எண்களான ஆயங்கள் மாறாது. இதில் ஒருமுறை கண்மாய் எங்கேயோ போய் விழுந்தது. யுடிஎம்-மிலும் பிழை உண்டு. மண்டலத்தின் நடுக்கோட்டில் 0.08 சதவீதம் குறையும், நம் அட்சரேகையில் மண்டல விளிம்புக்கு வந்தால் 0.2 சதவீதம்வரை கூடும். 40 ஹெக்டேர் கண்மாயில் அது 20 சென்ட்டுக்குள். கையால் எல்லை வரைவதில் வரும் பிழையே அதைவிட அதிகம், அதனால் எனக்கு இது போதும். திண்டுக்கல் பக்கம் வேலை செய்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். 78 டிகிரி தீர்க்கரேகை அந்த வழியாகப் போகிறது, அதற்கு மேற்கே மண்டலம் 43.

லேயரை மாற்றினாலும் அட்டவணையில் ஏற்கெனவே எழுதிய பரப்பு தானாக மாறாது. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து திரும்பக் கணக்கிட்டு வருகிறேன். பதிவேட்டோடு அச்சாகப் பொருந்திய கண்மாய்களைத்தான் முதலில் எடுக்கிறேன்.