பழைய கீபோர்டு வாங்கலாம், பழைய மவுஸ் என்றால் யோசித்து வாங்குங்கள்

மதுரை சிம்மக்கல் பக்கம் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், காமராசர் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடு என்று நாள் முழுக்கத் தட்டச்சு வேலைதான். சில வருடங்களாகவே பழைய கீபோர்டுகளையும் மவுஸ்களையும் ஆன்லைனில் வாங்கி, சுத்தம் செய்து, கடையில் அவற்றை வைத்தே வேலை பார்க்கிறேன். அலமாரியில் அடுக்கி அழகு பார்க்க வாங்குபவர்களுக்கு இந்த அனுபவம் எவ்வளவு உதவும் என்று தெரியாது. விரலுக்குச் சுகமாக, பல வருடம் உழைக்கிற பொருள் வேண்டும் என்பவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் இன்று 400, 500 ரூபாய்க்குக் கிடைக்கும் புது ரப்பர் கீபோர்டை (கீகளுக்கு அடியில் ரப்பர் ஷீட் இருக்கும் வகை) விட, நன்றாக வைத்திருந்த பழைய மெக்கானிக்கல் கீபோர்டு எவ்வளவோ மேல். மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச். ஒன்று போனால் அதை மட்டும் கழற்றிப் புதிது வைத்துவிடலாம். மவுஸில் அந்த வசதி கிடையாது. ஒயர், மேல்பூச்சு, வீல், கிளிக் ஸ்விட்ச் எல்லாம் ஒரே சமயத்தில் வயசாகிவிடும்.

நம் ஊரில் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டிவிஎஸ் கோல்டு. டிவிஎஸ் குழுமத்தை டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கியது 1911-ல், இதே மதுரையில். கீபோர்டு விற்பது அந்த வழியில் வந்த சென்னைக் கம்பெனியான டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ். கோல்டு மாடலில் இருப்பது ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்துடைய நீல ஸ்விட்ச். அழுத்தும்போது பாதி வழியிலேயே ஒரு சின்னத் தடுக்கலும் 'டிக்' சத்தமும் வரும். எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்கே தெரிந்துவிடுவதால் அடிவரை குத்த வேண்டியதில்லை. ஆய்வேடு வேலை நடக்கிற மாதங்களில் சாயந்திரம் விரல் கணுக்களில் வருகிற வலி எனக்குக் குறைந்தது இந்தக் கீபோர்டுக்கு மாறிய பிறகுதான்.

டிடிபி சென்டர்களும் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுகளும் மூடும்போது கோல்டு கீபோர்டுகள் மொத்தமாக விற்பனைக்கு வரும். சிவகாசி, திண்டுக்கல், தேனி என்று பக்கத்து ஊர்களிலிருந்தே வருவதால் நேரில் போய்ப் பார்த்தும் வாங்கலாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். டிவிஎஸ் சேம்ப் என்ற மாடலும் உண்டு, அது ரப்பர் வகை. பேர் ஒரே கம்பெனி என்பதால் அதையும் 'டிவிஎஸ் மெக்கானிக்கல்' என்று போட்டுவிடுகிறார்கள். கீயின் மேல்மூடியான கீகேப் ஒன்றைக் கழற்றி உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீலத் தண்டும், ஸ்விட்சின் மேலே செர்ரி என்ற எழுத்தும் தெரிந்தால் சரி. கழற்ற மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

வயதைப் படத்திலிருந்தே ஓரளவு கணிக்கலாம். ரூபாய்க் குறியை அரசு ஏற்றது 2010 ஜூலையில், ஆகவே கீயில் அந்தக் குறி அச்சாகியிருந்தால் அதற்குப் பிந்தையது. கீபோர்டு பிளக் ஊதா நிறமாக இருந்தால் தொண்ணூறுகளின் கடைசி அல்லது அதற்குப் பிறகு. கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்ற வழக்கம் அப்போதுதான் வந்தது. விண்டோஸ் கீ 1994-ல் அறிமுகமானது, அது இல்லாத கீபோர்டு பெரும்பாலும் பழைய வடிவமைப்பு. இந்த மூன்றையும் பார்த்தாலே 'எண்பதுகளின் அரிய பொருள்' என்று விலை ஏற்றி வைத்திருக்கும் பல விளம்பரங்களைத் தள்ளிவிடலாம்.

வயதை விட முக்கியம், முன்பு அது யார் கையில் இருந்தது என்பது. தேய்மானத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் அடித்த கீபோர்டு என்றால் வலது பக்க எண் பகுதியும் அங்கிருக்கும் என்டரும் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும், எழுத்துகள் புதுசாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான். எண் பகுதியில் சில ஸ்விட்ச்களை மாற்றினால் போதும், எழுத்துப் பகுதி பெட்டி பிரித்ததுபோல் கிடைக்கும். ஆங்கிலம் அடித்தவர் என்றால் ஈ (E), ஏ (A), என் (N) கீகளும் ஸ்பேஸ்பாரில் கட்டைவிரல் படும் இடமும் தேய்ந்திருக்கும். தமிழ்99 என்ற கீபோர்டு முறையில் அடித்தவர் என்றால் எஃப் கீயைப் பாருங்கள். புள்ளி அங்கேதான் இருக்கிறது, தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி கூட நகராது. டபிள்யூ, ஏ, எஸ், டி மட்டும் தேய்ந்திருந்தால் கேம் ஆடிய பையனுடையது. அப்படிப்பட்டதை நான் தொடுவதில்லை, அந்த நான்கு கீகளும் வாங்கியிருக்கும் அடி சாதாரணமானது இல்லை.

எதுவுமே தேயாமல் பளபளவென்று இருந்தால்? அப்போதும் கேள்வி கேட்க வேண்டும். கீகேப்பை மட்டும் புதிதாக மாற்றியிருக்கலாம். அல்லது வருடக்கணக்கில் குடோனில் கிடந்திருக்கலாம். உபயோகிக்காமல் கிடந்த ஸ்விட்சில் காண்டாக்ட் மங்கி, ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழும். ஆங்கிலத்தில் அது கண்ணுக்கு உடனே தெரியும். தமிழில் துணைக்காலோ புள்ளியோ இரட்டித்தால் ப்ரூஃப் பார்க்கும்போது உயிர் போகும். திண்டுக்கல் பக்கத்துத் தம்பி ஒருவர், "அண்ணே, எல்லா கீயும் ஓடுது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நோட்பேடைத் திறந்து, வரிசை வரிசையாக ஒவ்வொரு கீயையும் பத்துப் பத்துத் தடவை அழுத்தி வீடியோ அனுப்புங்கள் தம்பி என்றேன். மறுநாள் அவரே, "அண்ணே, ரெண்டு கீ டபுள் அடிக்குது, வெலைய கொறச்சுத் தர்றேன்" என்று அனுப்பினார். நல்ல மனிதர், அவரிடம் பிறகும் வாங்கினேன். 'டெஸ்ட் செய்யவில்லை' என்று எழுதியிருந்தால் மட்டும், வேலை செய்யவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

டபுள் அடிக்கும் ஸ்விட்சுக்கு முதலில் காண்டாக்ட் கிளீனர் ஓரிரு சொட்டு விட்டு நன்றாக அழுத்தி அழுத்தி விடுவேன். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் சால்டரை உறிஞ்சி எடுத்து ஸ்விட்சை மாற்றுவேன். ஒரு ஸ்விட்சுக்கு இரண்டே கால்கள்தான், டவுன் ஹால் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் செய்பவர்களிடம் கொடுத்தாலும் செய்து தருவார்கள். செர்ரியின் அடிப்படைக் காப்புரிமை முடிந்த பிறகு அதே அளவில் பல கம்பெனிகள் ஸ்விட்ச் செய்வதால் உதிரி கிடைப்பது பிரச்சினையே இல்லை.

அடுத்தது, எல்லோரும் ஆசைப்படும் ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு. 1985-ல் வந்தது. ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங். அழுத்தும்போது அது சட்டென்று மடிந்து கீழே இருக்கும் சின்ன நெம்புகோலைத் தட்டும். என்னுடையதைப் பெங்களூரில் சேகரிப்பாளர் ஒருவரிடம் வாங்கினேன். இரண்டு கிலோவுக்கு மேல் எடை, மேசையில் அசையாது. அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரித்த தேதி இருக்கும், விளம்பரத்தில் அந்தப் படம் கட்டாயம் வேண்டும். இதன் பலவீனம் உள்ளே. அடித்தட்டையும் மேல்தட்டையும் பிடித்திருப்பது வரிசை வரிசையான பிளாஸ்டிக் ரிவெட்டுகள். வயசாக ஆக அவற்றின் தலை உடைந்து உதிரும், பிறகு கீகள் சில இடங்களில் தொளதொளக்கும். கீபோர்டைக் காதருகே வைத்துக் குலுக்கி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே சரளை உருள்வதுபோல் கேட்டால் ரிவெட் உடைந்திருக்கிறது. ரிவெட்டை வெட்டி எடுத்து, துளை போட்டு, சின்ன போல்ட் நட்டுப் போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் அது பொறுமையானவர்களுக்கான வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போய்விடும். திறக்க 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் வேண்டும், அதுவும் நீளமாக, மெல்லிசாக. திருகுகள் ஆழத்தில் இருக்கின்றன.

மாடல் எம்மில் அடிப்பது பெரிய சந்தோஷம், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் தினசரி வேலைக்கு டிவிஎஸ்தான் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் செல்போனில் பேச வேண்டுமே, மாடல் எம் போடுகிற சத்தத்தில் முடியாது. காசு கணக்கில் பார்த்தாலும், மாடல் எம்முக்குக் கொடுக்கிற விலையில் நல்ல கோல்டு பல வாங்கிவிடலாம்.

இணைப்பு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய கீபோர்டுகளின் பெரிய வட்ட 5 பின் பிளக்கும், யுஎஸ்பிக்கு முந்தைய சின்ன வட்ட பிஎஸ்/2 பிளக்கும் பேசுவது பொதுவாக ஒரே மொழிதான், சாதாரண அடாப்டர் போதும். முதல் ஐபிஎம் பிசிக்களின் காலத்து எக்ஸ்டி வகை மட்டும் விலக்கு. அதே 5 பின் பிளக், ஆனால் பேச்சு வேறு. பிஎஸ்/2-விலிருந்து யுஎஸ்பிக்கு வரும்போது, மவுஸோடு இலவசமாகத் தருவார்களே ஒரு சின்னப் பச்சை அடாப்டர், அது பழைய கீபோர்டுகளுக்கு உதவாது. உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். மாடல் எம் மின்சாரமும் கொஞ்சம் அதிகம் இழுக்கும், எல்லா மலிவுக் கன்வெர்ட்டரும் தாங்காது. இன்னொன்று, பிஎஸ்/2 கீபோர்டைக் கம்ப்யூட்டர் ஓடும்போது செருகவோ பிடுங்கவோ செய்யாதீர்கள், மதர்போர்டில் அந்த இணைப்பே போய்விட வாய்ப்பு உண்டு.

பேக்கிங்கை விற்பவர் கையில் விட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு கூரியரில் வந்த கீபோர்டில் ஸ்பேஸ்பார் கொக்கி உடைந்திருந்தது. காரணம் வெளி அடி இல்லை, அதன் ஒயரையே சுருட்டிக் கீகள் மேல் வைத்துக் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து, ஒயரைத் தனியாகச் சுற்றிப் பக்கவாட்டில் வைக்கச் சொல்கிறேன், கீகள் மேல் அட்டை வைத்து, அதற்கு மேல் பபுள் ஷீட். முன்பணம் கேட்பவர் பட்டாளத்துக்காரர் என்று அடையாள அட்டை அனுப்பினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள், அது பழைய மோசடி.

வந்த பெட்டியை வாசலில் வைத்தே பிரிக்கிறேன். எறும்புக் கூடும் கரப்பான் முட்டையும் சகஜம். கீகேப்புகளைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு ஊறவைத்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். பல கீபோர்டுகளில் கீகள் வெள்ளையாக, ஸ்பேஸ்பார் மட்டும் மஞ்சளாக இருக்கும். பயப்பட வேண்டாம். கீகள் பிபிடி பிளாஸ்டிக், நீளமான ஸ்பேஸ்பார் ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக். ஏபிஎஸ் வெளிச்சத்திலும் வெயிலிலும் பழுக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும், சித்திரை வெயிலுக்கு மதுரையில் பஞ்சமில்லை. ஆனால் மஞ்சள் மெல்லத் திரும்பி வரும். எனக்கு அந்த மஞ்சள் உறுத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

மவுஸுக்கு வருவோம். பந்து மவுஸை ஆசைக்கு ஒன்று வாங்கலாம், உள்ளே உருளைகளில் சேரும் அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தால் மறுபடி ஓடும். ஆனால் இன்டிசைனில் பக்கம் அமைக்க அது ஒத்துவராது. உழைக்கிற பழைய மவுஸ் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் ஆப்டிகல் இன்டெல்லிமவுஸ் வகைகளைத் தேடுங்கள். 1999-ல் வந்த இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர்தான் அந்த வரிசையில் முதல், பந்து இல்லாமல் அடியில் சிவப்பு வெளிச்சத்தோடு வந்தது. கை அளவுக்கு அவ்வளவு பொருந்துகிற மவுஸ் இப்போது வருவதில்லை. ரப்பர் பூச்சுள்ள மவுஸ்களை விட்டுவிடுங்கள். பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டு முழுசாகத் துடைத்து எடுக்க வேண்டியதுதான். ஒரு கிளிக் இரண்டாக விழுகிறதா, ஒயர் மவுஸுக்குள் நுழையும் இடத்தில் மடித்தால் தொடர்பு விட்டு விட்டு வருகிறதா, இந்த இரண்டையும் வீடியோவில் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். உள்ளூரில் கிடைக்கும் பழைய மவுஸுக்கு 300 ரூபாய்க்கு மேல் நான் கொடுப்பதில்லை. இன்டெல்லிமவுஸ் மட்டும் சுத்தமாக இருந்தால் அதற்கு இரட்டிப்பாகத் தருவேன்.