இடுப்பில் படிந்த உப்பைக் கரைப்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வீங்கியபோது கோவையில் ருமட்டாலஜி (மூட்டு நோய்) டாக்டர் மூட்டு நீரை ஊசியால் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, கால்சியம் பைரோபாஸ்பேட் படிகம் என்றார். சூடோ கவுட் என்பது இதைத்தான். இடுப்பு வலிக்கும் அதுவே காரணம்: கீழ் முதுகெலும்பின் டிஸ்க்கிலும் படிந்திருப்பது சி.டி. ஸ்கேனில் தெரிந்தது. கால்சிசின் மாத்திரை எழுதினார். வீக்கத்தை அடக்கலாம், படிகத்தைக் கரைக்க மருந்து கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார்.

அது மனசுக்கு ஒப்பவில்லை. பக்கத்து ஊரில் ஒரு சிகிச்சை நிலையம் இருந்தது. "21 நாள் கிழி, பிழிச்சல், ஒரு கஷாயம். உப்பெல்லாம் கரைஞ்சு இறங்கிரும்ங்க அம்மா" என்றார்கள். கிழி என்பது மருந்து மூட்டையால் கொடுக்கும் ஒத்தடம், பிழிச்சல் என்பது சூடான எண்ணெயை உடம்பில் பிழிந்து ஊற்றித் தேய்ப்பது. 48,000 ரூபாய் முன்பணம். கால்சிசினை நிறுத்தச் சொன்னார்கள். கால்சியம் ஏறுமாம், பாலும் ராகியும் கூடாதாம். சாப்பாட்டுக் கால்சியத்தால் இந்த நோய் வருவதில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

பத்தாம் நாள் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார்கள். யூரிக் ஆசிட் 6.1 இருந்தது 5.2 ஆகிவிட்டது, கரைகிறது பாருங்கள் என்றார்கள். அம்மா அன்றைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டார். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். கவுட் நோயில் வரும் யூரிக் ஆசிட் படிகம் வேறு, அம்மாவின் உடம்பில் இருப்பது வேறு. அந்த அளவு ஏறினாலும் இறங்கினாலும் இந்தப் படிகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டாக்டரின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னார்கள்.

பதினாலாம் நாள் காய்ச்சல். திரும்பிப் படுக்க முடியாத வலி. கெட்ட நீர் வெளியேறுகிறது என்று சொல்லி மூன்று நாள் அப்படியே வைத்திருந்தார்கள். அப்புறம் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோனோம். இந்தப் படிகத்தாலும் காய்ச்சல் வரும். முதுகெலும்பில் சீழ் பிடித்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். எது என்று உடனே பார்க்காமல் விட்டது பெரிய ஆபத்து என்று டாக்டர் கடிந்துகொண்டார். முதுகில் ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, சீழ் இல்லை. அதற்குப் பிறகுதான் சில நாள் ஸ்டீராய்டும் மறுபடி கால்சிசினும் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

பணம் கேட்டுப் போனோம். ரசீதில் "எண்ணெய், தங்கும் செலவு" என்றுதான் இருக்கிறது. கரைப்போம் என்ற பேச்சு எந்தத் தாளிலும் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிச் சொன்னால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த வார்த்தையை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.