மாணவர் சங்கக் கட்டடத்தில் ஹால்: மூன்று வருட அனுபவம்

எங்கள் மன்றத்துக்குப் புதிதாகச் செயலாளராகியிருக்கும் ஜூனியர் நேற்று கேட்டாள்: "அக்கா, நிகழ்ச்சிக்கு மாணவர் சங்கக் கட்டடத்துலயே ஹால் புக் பண்ணிடலாமா, இல்ல டிபார்ட்மென்ட்ல கேக்கட்டுமா?" இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் அங்கேயே போடு என்றிருப்பேன்.

முன்பதிவுக்கு ஆன்லைன் படிவம், காலண்டர், மன்ற ஆலோசகரின் ஒப்புதல் எல்லாம் தெரிந்த கதைதான். என் எரிச்சல் முழுக்க ஒரே ஒரு வார்த்தைமேல்: 'தற்காலிகம்'. படிவத்தை அனுப்பியதுமே காலண்டரில் நம் மன்றத்தின் பெயர் மஞ்சள் கட்டத்தில், அதாவது 'தற்காலிகம்' என்று, வந்து உட்கார்ந்துவிடும். பார்க்கிறவர்கள் இடம் கிடைத்துவிட்டது என்றே நினைப்பார்கள். ஆலோசகர் சரி சொல்லி, நாற்காலி அமைப்பும் மைக், புரொஜக்டர் பட்டியலும் போய்ச் சேர்ந்து, அலுவலகமும் பார்த்த பிறகுதான் பச்சை, அதாவது உறுதி. அதுவரை போஸ்டர் அடிக்க முடியாது. பேச்சாளரிடம் "அநேகமா அந்தத் தேதிதான் சார்" என்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போன மாதம் 12 நாள் மஞ்சளிலேயே நின்றோம். 13ஆம் நாள் பார்த்தால் கட்டத்தில் வேறு பெயர், அதுவும் பச்சையில். நிர்வாகத்தின் நிகழ்ச்சியாம், முன்னுரிமையாம். நமக்கு மின்னஞ்சல் மறுநாள்தான் வந்தது.

நியாயமாகச் சொன்னால், மஞ்சள் இல்லாமலும் அவர்களால் முடியாது. கிடைக்கிற ஹாலையெல்லாம் பிடித்துவைத்துவிட்டு வராமல் போகிற மன்றங்கள் நிறைய. நாங்களே முதல் வருடம் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு மழை வந்தால் இருக்கட்டும் என்று ஒரு ஹால் பிடித்தோம். மழை வரவில்லை, ரத்து செய்யவும் மறந்துவிட்டோம். அங்கே 80 நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள்.

அந்த நாற்காலி போடுகிறவர்கள்தான் இந்தக் கட்டடத்தின் பெருமை. 120 பேர் ஹால் என்று நம்பி, வட்ட மேஜை போட்டு 120 பேருக்கு ஒரு பயிலரங்கம் திட்டமிட்டேன். நான் வரைந்த மேஜை அமைப்புப் படத்தைப் பார்த்த அவர்களில் ஒரு பெரியவர், "120ங்கிறது வெறும் நாற்காலி வரிசைக்கும்மா. மேஜை வந்தா பாதிதான்" என்றார். நான் வரைந்திருந்த கடைசி வரிசை அவசர வழிக் கதவை அடைத்திருந்தது. அதைப் பென்சிலால் அடித்துவிட்டு, அங்கேயே நின்று புதிதாக ஒரு படம் போட்டுக் கொடுத்தார். 'நிகழ்ச்சி நேரம்' வேறு, 'முன்பதிவு நேரம்' வேறு என்று புரியவைத்தவரும் அவரே. 5 மணிக்கு நிகழ்ச்சி என்றால் 4 மணியிலிருந்து ஹாலைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கதவே 5 மணிக்குத்தான் திறக்கும், வந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டு மைக் டெஸ்டிங் செய்ய வேண்டியதுதான்.

மடக்குச் சுவர் போட்டுப் பிரித்த பாதி ஹாலைப் பற்றி ஒரே வரி: பக்கத்துப் பாதியில் நடன ஒத்திகை இருந்தால் கவியரங்கம் வைக்காதே.

சரி, அவளுக்கு என்ன சொன்னேன்? டிபார்ட்மென்ட்டிலேயே போடு என்றேன். புரொஜக்டர் மங்கல், பெஞ்ச் நகராது, ஏசி கிடையாது. ஆனால் சாவி வைத்திருப்பவர் காலையில் "எடுத்துக்கோ" என்றால் மாலையில் போஸ்டர் ஒட்டிவிடலாம்.

ஆண்டு விழாவுக்கு மட்டும் இன்றைக்கே போய் ஒரு மஞ்சள் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.